கேத்தலில் படிகிற வெள்ளை: யாழ்ப்பாண வளவில் பூக்கன்று வளர்க்கத் தொடங்குவோருக்கு

பூக்கன்று வளர்க்க ஆசைப்பட்டு என்னிடம் கேட்க வருகிறவர்களை நான் முதலில் குசினிக்குத்தான் அழைத்துப்போவேன். கேத்தலின் மூடியைத் திறந்து உள்ளே பார்க்கச் சொல்வேன். கிணற்று நீரைக் கொதிக்கவைத்துக் கொதிக்கவைத்து அடியிலும் பக்கங்களிலும் வெள்ளைச் செதில் படிந்திருக்கும். கொஞ்சம் தேசிக்காய்ப் புளி விட்டால் நுரைத்துக்கொண்டு கரையும். அது சுண்ணாம்பு. நிலத்தடிப் பாறையில் கரைந்து, கிணற்றுக்குள் வந்து, வாளியில் ஏறி, கேத்தலில் படிந்தது. பூச்சாடிக்கு நாம் ஊற்றுவதும் இதே தண்ணீர்தான். வெயிலில் நீர் ஆவியாகிவிட, சுண்ணாம்பு மட்டும் மண்ணில் தங்கிவிடுகிறது. ஒரு வருடம் கிணற்று நீர் குடித்த சாடியின் விளிம்பைத் தடவிப் பாருங்கள். கேத்தலில் கண்ட அதே வெள்ளை விரலில் ஒட்டும்.

யாழ்ப்பாணத்துப் பூந்தோட்டத்தின் பாதிச் சங்கதி இந்த வெள்ளைக்குள் இருக்கிறது. இதை நான் ஒரு வெட்சிச் செடியைச் சாகக் கொடுத்துத்தான் படித்தேன்.

கண்டிப் பக்கம் போயிருந்தபோது ஒரு வீட்டு வேலி முழுவதும் வெட்சி, எக்ஸோரா என்று கடைகளில் சொல்வார்களே, அது குங்குமக் குவியலாகப் பூத்து நின்றதைக் கண்டு ஆசைப்பட்டேன். ஒரு கன்று வாங்கி, பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்து, வீட்டுச் சுவரோரம் நட்டேன். மூன்று மாதம் நன்றாக நின்றது. பிறகு வந்த தளிர்கள் எல்லாம் வெளிறி வந்தன. இலை மஞ்சள், அதன் நரம்பு மட்டும் பச்சை, கோடு போட்டதுபோல. பசளை போதவில்லை என்று நினைத்து யூரியா போட்டேன். மாட்டெரு போட்டேன். அம்மம்மா சொன்னபடி அடுப்புச் சாம்பலும் போட்டேன். ஒவ்வொன்றுக்கும் செடி இன்னும் வெளிறியது. அடுத்த வருடம் அது இல்லை.

அந்தச் செடி பட்டினியால்தான் செத்தது. பட்டினி கிடந்தது இரும்புக்கு. இலையின் பச்சையத்தை உருவாக்கச் செடிக்கு இரும்பு தேவை. நம்முடைய செம்மண்ணோ இரும்பு நிறைந்த மண். அதன் சிவப்பே இரும்பு ஒட்சைட்டின் நிறம்தான். இரும்புக்குள் வேர்விட்டு நிற்கிற செடி இரும்பில்லாமல் எப்படி வாடும்? வேர் எதையும் கடித்துத் தின்பதில்லை, நீரில் கரைந்ததை மட்டுமே உறிஞ்சுகிறது. சுண்ணாம்பு மிகுந்த மண்ணில் இரும்பு கரைவதில்லை. உப்புக் கடலில் தாகத்தோடு நிற்கிறவனின் நிலைதான்.

மண் எவ்வளவு புளிப்பு, எவ்வளவு காரம் என்பதை பிஎச் என்ற அளவால் சொல்கிறார்கள். 7 நடுநிலை, அதற்குக் கீழே அமிலம், மேலே காரம். ஒரு படி ஏறினால் பத்து மடங்கு வித்தியாசம். ஆனால் காற்றோட்டமுள்ள மண்ணில் இரும்பு இருக்கும் வடிவம், பிஎச் ஒரு படி ஏறும்போது ஏறத்தாழ ஆயிரம் மடங்கு குறைவாகவே கரைகிறது. வெட்சிக்குப் பிடித்தது 5, 6 அளவிலான புளிப்பு மண். மலையகத்தில் மழை காலங்காலமாக மண்ணின் சுண்ணாம்பைக் கழுவிக்கொண்டுபோனதால் அங்கே மண் புளிப்பாக இருக்கிறது. நம் வளவுகளில் அது 7ஐ ஒட்டியோ மேலேயோதான் நிற்கும். இனி நான் செய்தவற்றைப் பாருங்கள். நட்ட இடம் சுவரோரம். வீடு கட்டும்போது விழுந்த சீமெந்தும் சாந்தும் அங்கே மண்ணுக்குள் கிடக்கின்றன, இரண்டும் சுண்ணாம்பு. போட்ட சாம்பலும் காரம். ஊற்றிய நீரும் சுண்ணாம்பு நீர். நஞ்சு வைத்ததற்குச் சமம்.

அதனால்தான் தென்னிலங்கையிலோ தமிழ்நாட்டிலோ இருந்து வரும் வீட்டுத் தோட்டக் குறிப்புகளை அப்படியே எடுக்காதீர்கள் என்று கெஞ்சிக் கேட்கிறேன். "முட்டைக் கோதை நொறுக்கிப் போடுங்கள்" என்பார்கள். முட்டைக் கோது கல்சியம் காபனேற்று, அதாவது சுண்ணாம்பு. புளிப்பு மண்ணுக்கு அது மருந்து. நமக்கு அது தேவையே இல்லை. சாம்பலும் அப்படித்தான்.

வெளிறிய இலையைக் கண்டதும் பசளைப் பையைத் தேடாமல், எந்த இலை வெளிறியிருக்கிறது என்று முதலில் பாருங்கள். உச்சியில் வரும் இளந்தளிர் மஞ்சளாகி நரம்பு பச்சையாக இருந்தால், அது பெரும்பாலும் இரும்புப் பற்றாக்குறை. இரும்பு செடிக்குள் இடம் மாறாது. பழைய இலை தன்னிடம் உள்ளதைத் தளிருக்குக் கொடுக்க முடியாது. அடியிலுள்ள முதிர்ந்த இலை முழுவதும் ஒரே சீராக மஞ்சளானால் அது நைதரசன் குறைவு. நைதரசனை முதிர்ந்த இலை விட்டுக்கொடுத்துத் தளிரைக் காப்பாற்றும். இலையின் நுனியும் ஓரமும் கருகிப் பழுப்பானால் பெரும்பாலும் உப்பைச் சந்தேகியுங்கள். மூன்றுக்கும் மூன்று வைத்தியம். இது தெரியாமல் எல்லா மஞ்சளுக்கும் யூரியா போடுவது இங்கே வீட்டுக்கு வீடு நடக்கிறது.

உப்பு என்றதும் கிணற்றைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். குடாநாட்டின் அடியில் கிடப்பது மயோசீன் காலத்தில் கடலுக்கடியில் உருவான சுண்ணக்கல். ஆண்டு முழுவதும் ஓடுகிற ஆறு நமக்கு இல்லை. வழுக்கையாறும் மாரியில்தான் ஓடும். மழை நீர் பாறை வெடிப்புகளுக்குள் இறங்கி, அங்கே கடல் நீரின் மேல் ஒரு வில்லை போல மிதக்கிறது. நன்னீர் கடல் நீரைவிட இலேசு என்பதால் இந்த மிதப்பு. கடல் மட்டத்துக்கு மேலே ஒரு மீற்றர் நன்னீர் நின்றால், கீழே ஏறத்தாழ 40 மீற்றர் ஆழம்வரை நன்னீர் இருக்கும் என்பது கணக்கு. மேலே ஒரு சாண் இறைத்துக் குறைத்தால் கீழிருந்து உப்பு நாற்பது சாண் ஏறப் பார்க்கும். கோடையில் மோட்டர் போட்டு இறைக்க இறைக்கச் சில கிணறுகள் சவர் தட்டுவதன் காரணம் இதுதான். உரும்பிராய், கோண்டாவில், இணுவில், சுன்னாகம் ஆகிய செம்மண் பகுதிகளில் உள்ளவர்களுக்கு உப்புக் குறைந்த தண்ணீர் ஒரு வரம். கரையோரங்களிலும் தீவுப் பகுதிகளிலும் உள்ளவர்கள் செடியைத் தெரிவு செய்யுமுன் தண்ணீரை வாயில் விட்டுப் பார்க்கவேண்டும்.

இனி "வெப்பமண்டலத் தாவரம்" என்ற சொல்லுக்கு வருகிறேன். கடையில் அந்தச் சொல்லைச் சொன்னதும், நாமும் வெப்பமண்டலத்தில்தானே இருக்கிறோம், எல்லாம் வளரும் என்று நினைத்துவிடுகிறோம். வெப்பமண்டலம் என்பது வரைபடத்தில் இரண்டு கோடுகளுக்கு இடையிலுள்ள நிலம், அவ்வளவுதான். அதற்குள் நாள்தோறும் மழை பெய்யும் காடும் உண்டு, எட்டு மாதம் காய்ந்து கிடக்கும் புதர்க்காடும் உண்டு. இலங்கைக்குள்ளேயே, வருடத்துக்கு 2500 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெறுவது ஈரவலயம், 1750க்குக் கீழே பெறுவது உலர்வலயம். யாழ்ப்பாணத்துக்குக் கிடைப்பது ஏறத்தாழ 1250. அதிலும் பெரும்பகுதி ஐப்பசி தொடங்கி மார்கழிக்குள் கொட்டித் தீர்ந்துவிடும். வைகாசியில் சோளகம், அதாவது தென்மேற்குப் பருவக்காற்று, எழும்பினால் புரட்டாசிவரை இலையிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே வீசும்.

ஆகவே ஒரு செடியை வாங்குமுன் கேட்கவேண்டிய கேள்வி: இது எந்த வெப்பமண்டலத்துப் பிள்ளை?

அந்தூரியம் கொலம்பியா, எக்குவடோர் பக்கத்து மழைக்காட்டுச் செடி. பெரிய மரங்களின் நிழலில், ஈரக் காற்றில், பாசி மூடிய கிளைகளில் ஒட்டி வளர்ந்தது. அதைக் கொண்டுவந்து செம்மண்ணில் குழி வெட்டி நட்டு, கிணற்று நீர் ஊற்றி, சோளகத்துக்கு முன்னால் நிறுத்துவது கொடுமை. ஓர்க்கிட், ஹெலிகோனியா, பல பன்னங்கள் எல்லாம் இந்தக் குடும்பத்து மனநிலை கொண்டவை. மறுபக்கம் போகன்விலா. 1760களில் பிரெஞ்சுக் கப்பற்பயணம் ஒன்றில் வந்த தாவரவியலாளர் கொமர்சன் பிரேசிலின் ரியோ டி ஜெனிரோ அருகே அதைக் கண்டு, கப்பல் தலைவர் பூகன்வீல் பெயரை வைத்தார். அதுவும் வெப்பமண்டலச் செடிதான், ஆனால் வறட்சியைப் பொறுக்கப் பழகியது. அடீனியம் அரேபியாவிலும் கிழக்கு ஆபிரிக்காவிலும் பாறை நிலத்தில் வளர்வது. தண்டிலேயே நீரைச் சேமித்துக்கொள்ளும். நித்தியகல்யாணி மடகஸ்காரிலிருந்து வந்தது. இவற்றுக்கு நம் வளவு அந்நிய இடமில்லை.

எனவே உலர் வெப்பமண்டலச் செடிகளை நிலத்தில் நடுங்கள், ஈர வெப்பமண்டலச் செடிகளைச் சாடியில் வையுங்கள். நிலத்தில் உள்ளவற்றுக்குக் கிணற்று நீர் போதும். சாடியில் உள்ளவற்றுக்கு மழை நீர். இதை மட்டும் பிடித்துக்கொண்டால் தொடக்கத்தில் வரும் இழப்பில் பெரும்பங்கு நின்றுவிடும்.

நிலத்தில் நடுபவற்றுள் முதலிடம் போகன்விலாவுக்குத்தான். அதில் நாம் பூ என்று சொல்லும் நிறமான மூன்று "இதழ்" உண்மையில் இலைகள். நடுவே நிற்கும் சின்ன வெள்ளைக் குழல்தான் பூ. நாள் முழுவதும் வெயில் விழும் இடம் பாருங்கள். தொடங்குகிறவர்கள் இதில் செய்யும் பிழை அன்பு மிகுந்து தண்ணீர் ஊற்றுவது. ஊற்ற ஊற்ற அது இலையாகவே தழைக்கும். வேர் நன்றாகப் பிடித்த செடியை, இலை சற்றுத் தொங்கும்வரை காயவிட்டு ஊற்றினால் நிறம் கொட்டும். உப்பையும் ஓரளவு தாங்கும் என்பதால் கரையோர வீடுகளுக்கு நான் தயங்காமல் சொல்வது இதைத்தான்.

செவ்வரத்தையில், ஐந்து இதழ் கொண்ட பழைய ஒற்றைச் சிவப்பை நடுங்கள். பூசைக்கும் அதுதான் வேண்டும். பெரிய பூப் பூக்கும் புதிய கலப்பினங்கள் கண்ணைப் பறிக்கும், ஆனால் நம் தண்ணீரில் சீக்கிரம் வெளிறுகின்றன. புதுக் கிளையில்தான் பூ வரும் என்பதால் மாரி முடிந்ததும் துணிந்து வெட்டிவிடுங்கள். மல்லிகைக்கும் இதே முறை. தையில் கத்தரித்து, இலை உருவி, எரு வைத்தால் பங்குனி வெயிலில் மொட்டுப் பிடிக்கும். கனகாம்பரம், நந்தியாவட்டை, நித்தியகல்யாணி மூன்றும் அதிகம் கேட்காத செடிகள். அலரி எந்த வெயிலையும் உப்பையும் தாங்கும், ஆனால் அதன் எல்லாப் பாகமும் நஞ்சு. சின்னப் பிள்ளைகளும் ஆடும் திரிகிற வளவில் வேண்டாம். வேலியில் கார்த்திகைப்பூக் கொடி தானாக முளைத்தால் பிடுங்காதீர்கள். இலை நுனியையே கையாக்கிப் பூவரசிலும் கிளுவையிலும் பற்றி ஏறி, மழைக்குப் பூத்து, பின் நிலத்துக்குள் கிழங்காக உறங்கிவிடும். உலர்வலயத்துச் செடி எப்படி வாழ்கிறது என்பதற்கு அதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது. அதன் கிழங்கும் நஞ்சுதான், கையாளும்போது கவனம்.

நிலத்தின் காரத்தை மாற்ற முடியாதா என்று கேட்பார்கள். கந்தகம் போட்டால் மண்ணிலுள்ள பற்றீரியா அதை அமிலமாக்கும் என்பது உண்மை. ஆனால் அடியில் கிடப்பது முழுப் பாறை, மேலிருந்து ஊற்றுவது சுண்ணாம்பு நீர். நீங்கள் போடும் ஒரு கை கந்தகம் அதற்கு எந்த மூலைக்கு? அதைவிட நம் தோட்டக்காரர்கள் செய்துவந்த வழி மேல். பனையோலையை மண்ணுக்குள் தாழ்ப்பதும், பூவரசங்குழை, வேப்பங்குழை தாழ்ப்பதும் இந்த மண்ணுக்கென்றே கண்டுபிடித்ததுபோல இருக்கிறது. குழை உக்கும்போது வரும் அமிலங்கள் இரும்பைப் பற்றிக் கரைந்த நிலையில் வைத்திருக்க உதவும். செம்மண்ணில் ஈரமும் நிற்கும். நடும் குழி இரண்டடி அகலம், இரண்டடி ஆழம். அடியில் பொச்சுமட்டை, மேலே குழை, அதன் மேல் உக்கிய எருவும் மண்ணும். நட்ட பிறகு அடியைச் சுற்றி மூன்று விரல் உயரத்துக்குச் சருகு போட்டு மூடுங்கள். தண்டை மட்டும் சருகு தொடவேண்டாம்.

உங்கள் மண்ணில் சுண்ணாம்பு எவ்வளவு என்று பார்க்க எளிய வழி ஒன்று உண்டு. காய்ந்த மண்ணில் ஒரு தேக்கரண்டி எடுத்து வினாகிரி விடுங்கள். நுரைத்தால் சுண்ணாம்பு தாராளமாக இருக்கிறது. நுரைக்காவிட்டால் மண் புளிப்பு என்று பொருளல்ல. செம்மண் பல இடங்களில் நுரைக்காது. சரியான அளவு வேண்டுமென்றால் உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரிடம் மண் பரிசோதனை பற்றிக் கேளுங்கள்.

சாடிக்கு வருவோம். சாடிக்குள் இருப்பது நாமே செய்யும் ஒரு சின்ன மலையகம். அடியில் வடிகாலுக்கு ஓட்டுத் துண்டோ செங்கல் துண்டோ போடுங்கள். வளவில் கிடக்கும் சுண்ணக்கல்லையும் கடற்கரைக் கல்லையும் தவறியும் போடவேண்டாம். புதிய சீமெந்துச் சாடி சுண்ணாம்பைக் கக்கும். பல நாள் தண்ணீர் மாற்றி மாற்றி ஊறவைத்தே பாவிக்கவேண்டும். மண்சாடி எப்போதும் நல்லது. வெட்சிக்கு, தும்புத்தூள் இரண்டு பங்கு, உக்கிய இலை எரு ஒரு பங்கு, மண் ஒரு பங்கு. தும்புத்தூளை மழை நீரில் இரண்டு மூன்று தடவை கழுவிப் பிழியுங்கள், அதிலும் உப்பு இருக்கும். அந்தூரியத்துக்கு மண்ணே வேண்டாம். பொச்சுத் துண்டு, மரக்கரி, செங்கல் துண்டு போதும். ஓர்க்கிட்டுக்கு அதுவும் மிகுதி, கரியும் ஓட்டுத் துண்டும் போட்ட சாடி போதும், அல்லது மாமரத்தில் பொச்சோடு சேர்த்துக் கட்டிவிடலாம். அந்தூரியத்துக்கு இடம் மாமரத்தின் கீழ் அல்லது கிணற்றடி வாழைகளின் நடுவே. வளவிலேயே ஈரக் காற்று உள்ள இடம் கிணற்றடிதான். சவர்க்கார நீர் ஓடும் பக்கம் மட்டும் தவிருங்கள்.

மழை நீருக்கு எங்கே போவது? கூரைக்கு. ஒரு சதுர மீற்றர் கூரையில் ஒரு மில்லிமீற்றர் மழை விழுந்தால் ஒரு லீற்றர் நீர். 50 சதுர மீற்றர் கூரைப் பகுதிக்கு ஒரு பீலி வைத்தால், 20 மில்லிமீற்றர் பெய்யும் ஒரே நாளில் 1000 லீற்றர் தாங்கி நிரம்பிவிடும். பத்துச் சாடிக்கு நாளுக்கு அரை லீற்றர் வீதம் ஊற்றினால் 150 நாளுக்கு 750 லீற்றர். மாரியில் பிடித்த ஒரு தாங்கி நீர் சித்திரை, வைகாசிவரை வருகிறது என்பதை முதலில் கணக்குப் பார்த்தபோது எனக்கே நம்பமுடியவில்லை. தாங்கிக்கு வசதியில்லாதவர்கள் இரண்டு பரல் வைத்து, மூன்று சாடியோடு தொடங்கலாம். முதல் மழை கூரையின் தூசியையும் காகத்தின் எச்சத்தையும் கழுவி வரும், அதை வெளியே விட்டுவிடுங்கள். தாங்கியின் வாயை நுளம்பு புகாத வலையால் இறுகக் கட்டுங்கள். சாடியின் கீழ்த் தட்டுகளைக் கவிழ்த்து வையுங்கள். மாரி முடியும் காலம் இங்கே டெங்குக் காலம். பூவுக்கு ஆசைப்பட்டுப் பிள்ளைக்குக் காய்ச்சலைக் கொண்டுவரக்கூடாது.

ஏற்கெனவே நிலத்தில் வெளிறி நிற்கும் செடிக்கு அவசர உதவியாக, பெரசு சல்பேற்று என்ற இரும்பு உப்பில் 5 கிராமை ஒரு லீற்றர் மழை நீரில் கரைத்து, சில துளி தேசிக்காய்ப் புளி விட்டு, மாலையில் இலைக்குத் தெளிக்கலாம். தெளித்த இலை பச்சையாகும், அடுத்து வருவது மீண்டும் வெளிறும். வேருக்குக் கொடுக்கும் இரும்புக் கீலேற்று, அதாவது இரும்பைக் கரைந்த நிலையில் பிடித்துவைக்கும் பசளை, வாங்குவதானால் பொதியைப் படியுங்கள். ஈடிடிஏ (EDTA) என்றிருப்பது நம் கார மண்ணில் நிலைக்காது. ஈடிடிஎச்ஏ (EDDHA) என்றிருப்பதே இங்கே வேலை செய்யும். விலை கூடத்தான், ஆனால் மலிவானதை வாங்கினால் காசு மண்ணோடு போகும்.

யூரியாவைப் பற்றி ஒரு சொல். நம் செம்மண்ணில் நீர் விரைவாக இறங்கும்; அடியில் பாறை வெடிப்பு; அதற்கடியில் நாம் குடிக்கும் நீர். குடிநீரில் நைத்திரேற்றுக்கு உலக சுகாதார நிறுவனம் வகுத்த எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம். குடாநாட்டின் விவசாயப் பகுதிகளில் பல கிணறுகள் அதைத் தாண்டியிருப்பதை ஆய்வுகள் மீண்டும் மீண்டும் காட்டியிருக்கின்றன. கைக்குழந்தைகளுக்கு அது உயிராபத்து. நாலு பூச் செடிக்காகக் கிணற்றடியில் யூரியா அள்ளிப் போடுவதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியாது. உக்கிய ஆட்டெருவையும் இலை எருவையும் அளவாகப் போடுங்கள், பூச் செடிக்கு அது தாராளம்.

நடுவதற்குக் காலம் புரட்டாசிக் கடைசி, ஐப்பசி முதல் மழை. போகன்விலாத் தடி, செவ்வரத்தைத் தடி எல்லாம் அப்போது வைத்தால் மாரி முழுவதும் வானமே தண்ணீர் ஊற்றும்; சோளகம் வருமுன் வேர் ஆழம் போய்விடும். மாசியில் நட்டால் அந்த வேலை முழுவதும் உங்கள் தோளில்.

இரண்டாவது வெட்சியையும் கண்டிப் பக்கத்திலேயே வாங்கி இப்போது நான்கு வருடம் ஆகிறது. விறாந்தை ஓரம் மண்சாடியில், காலை வெயில் மட்டும் படுகிற இடத்தில் நிற்கிறது. கிணற்று நீர் ஒரு துளி அதற்குக் கொடுப்பதில்லை. சென்ற ஆவணியில் தாங்கி வற்றிய இரண்டு கிழமை மட்டும் கொடுக்க நேர்ந்தது. அந்த நாட்களில் வந்த தளிர்கள் இலேசாக வெளிறின, மழை தொடங்கியதும் வந்தவை கரும்பச்சையாக வந்தன. இந்த வருடம் இன்னொரு பரல் வாங்கியிருக்கிறேன். பீலியில் நிறைந்திருக்கும் வேப்பஞ் சருகை ஐப்பசிக்கு முன் எடுத்துவிடவேண்டும்.